மாக்ரித்தின் தலைகீழ்க் கடற்கன்னி: மீயதார்த்த ஓவியத்தில் பொருளை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: ஓவிய ஆசிரியை, மண்டபம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கனவையும் நடப்பையும் கலக்கும் மீயதார்த்த (சர்ரியலிச) இயக்கத்தைச் சேர்ந்த பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1934ஐ ஒட்டி வரைந்த ‘கூட்டுக் கண்டுபிடிப்பு’ என்னும் எண்ணெய்வண்ண ஓவியத்தைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். மூல ஓவியம் ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரில் இருக்கிறது. நான் பார்த்தது அச்சுப்படிதான். பார்க்காதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். மணற்கரை, அதன் பின்னால் நுரைத்து வரும் அலைகள், அதற்கும் அப்பால் கடலும் வானமும். மணலின் மேல் ஓர் உடல் நீட்டிக் கிடக்கிறது. கடற்கன்னி என்றால் இடுப்புக்கு மேல் பெண்ணாகவும் கீழே மீனாகவும் இருப்பாள் என்றுதான் கதைகளில் கேட்டிருக்கிறோம். இந்த ஓவியத்தில் அது அப்படியே மாறியிருக்கிறது. முகமும் மார்பும் இருக்க வேண்டிய இடத்தில் மீனின் தலையும் செவுளும் துடுப்பும் இருக்கின்றன. இடுப்புக்குக் கீழே ஒரு பெண்ணின் வயிறும் தொடைகளும் பாதங்களும் இருக்கின்றன. அருகில் வேறு மனிதர் இல்லை, படகு இல்லை, எதுவும் இல்லை.

கவின்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் சிலருக்கு மாலையில் வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலோர் கடல் தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். இந்தப் படத்தைக் காட்டியதும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி இதற்கு என்ன அர்த்தம் என்பதன்று. இது உயிரோடு இருக்கிறதா என்பதுதான். நான் படித்த விளக்கங்கள் எவையும் இந்தக் கேள்வியைத் தொடவில்லை. கடல் என்றால் ஆழ்மனம், மீன் என்றால் அடக்கி வைத்த இச்சை, பெண்ணுடல் என்றால் தாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளைப் பட்டியலிட்டுவிட்டு, மாக்ரித்தின் தாய் 1912இல் ஆற்றில் மூழ்கி இறந்ததைச் சொல்லி அவை முடிந்துவிடுகின்றன. அப்படியானால் ஓவியத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறதே என்பது என் மனத்தாங்கல். படத்தின் அமைப்பிலிருந்தே, அதாவது எது எங்கே எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்தே, அதன் பொருளை எழுப்ப முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? இந்தக் கடற்கரையில் வாழும் நாம் கொண்டுவரும் அனுபவத்துக்கு அதில் இடம் உண்டா?

மறுமொழி 1: மீன்வளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், பாம்பன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். எனக்கு ஓவியப் பயிற்சி கிடையாது. ஆனால் உங்கள் மாணவர்கள் கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். அந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

மீனுக்கு இமை கிடையாது. உயிரோடு இருந்தாலும் செத்தாலும் கண் திறந்தே இருக்கும். அதனால்தான் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கி உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கண் தெளிந்து புடைத்திருக்கிறதா, குழிந்து மங்கிவிட்டதா என்று பார்க்கிறார்கள். செவுளின் உட்பக்கத்தை இந்த ஓவியம் நமக்குக் காட்டவில்லை. ஆகவே மேற்பாதியை வைத்துக்கொண்டு உயிர் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க வழியில்லை. கீழ்ப்பாதியோ, உயிருள்ள ஒருவர் கடற்கரையில் படுத்திருப்பதைப் போன்ற நிறத்தில் இருக்கிறது. மாணவர்கள் தவித்த காரணம் இதுதான்.

இனி மூச்சுக்கு வருவோம். தண்ணீருக்குள் இருக்கும்போது செவுளின் மெல்லிய இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து மிதக்கின்றன. கரைக்கு வந்தவுடன் தாங்கி நிற்கத் தண்ணீர் இல்லாததால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மூச்சு வாங்கும் பரப்பு சுருங்கிவிடுகிறது. சுற்றிலும் காற்று நிறைந்திருக்கும்போதே மீன் மூச்சுத் திணறிச் சாவது இப்படித்தான். வழக்கமான கடற்கன்னியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவளுடைய மேற்பாதி காற்றை மூச்சாக இழுக்கும், கீழ்ப்பாதி தண்ணீரில் நீந்தும். கரையும் அவளுக்குச் சொந்தம், கடலும் சொந்தம். மாக்ரித் வரைந்திருப்பதற்கு மூச்சு விடத் தண்ணீர் வேண்டும், ஆனால் நடக்கும் கால்கள் தரையைக் கேட்கின்றன. கடலுக்குள் போனால் நீந்த வாலில்லை, கரையில் கிடந்தால் மூச்சில்லை. இரண்டு இடத்திலும் வாழக்கூடிய ஒன்றைத் திருப்பி வைத்து, எங்குமே வாழ முடியாத ஒன்றாக ஆக்கியிருக்கிறார்.

நம் கடலில் உள்ள கடற்பசுவையும் இங்கே சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல்லை மேய்ந்து வாழும் இந்த விலங்கை நம்மவர் ஆவுளியா என்றும் அழைப்பதுண்டு. அதற்கு நுரையீரல் உண்டு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். தாய்க்குப் பால்காம்புகள் முன்துடுப்புகளின் அடியில், ஏறத்தாழ அக்குள் இருக்கும் இடத்தில் இருக்கின்றன. கப்பலில் போனவர்கள் தொலைவிலிருந்து இதைப் பார்த்துத்தான் கடற்கன்னிக் கதை வளர்ந்தது என்று பலரும் கருதுகிறார்கள். விலங்கியலில் இந்த வரிசைக்கே கதைகளில் வரும் கடற்கன்னியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆக, பழைய கடற்கன்னிக்கு உலகத்தில் ஒரு சாயலாவது இருக்கிறது. மாக்ரித்தின் உயிருக்கு அந்தச் சாயல்கூட எங்கும் இல்லை.

மறுமொழி 2: படகுகளுக்குப் பெயரும் எண்ணும் எழுதும் ஓவியர், தொண்டி

டீச்சருக்கு வணக்கம். பாம்பன் ஐயா சொன்னதை வழிமொழிந்து, வரைகிறவன் என்ற முறையில் என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. வானமும் கடலும் சேரும் கோடு கிடைக்கோடு. அலை கரையைத் தொடும் நுரை கிடைக்கோடு. இவற்றுக்கு இணையாக உடலும் கிடக்கிறது. செங்குத்தாக நிமிர்ந்து நிற்பது படத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரு பாய்மரமோ பனையோ நின்றிருந்தால் நம் கண் அங்கே போய் இளைப்பாறியிருக்கும். அது இல்லாததால் பார்வை மீன் தலையிலிருந்து பாதம் வரை போகிறது, பாதத்திலிருந்து மறுபடி தலைக்குத் திரும்புகிறது. அப்படிப் போய் வரும் ஒவ்வொரு முறையும் நடுவில் அந்த இணைப்பைக் கடந்தாக வேண்டும். படத்தின் வேலை முழுவதும் அந்த இணைப்பில்தான் நடக்கிறது.

இணைப்பைக் கூர்ந்து பாருங்கள். செதிள் எங்கே முடிந்தது, தோல் எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சாம்பல் நிறம் மெல்லக் குழைந்து சதை நிறமாகிவிடுகிறது. எண்ணெய்வண்ணம் காய்வதற்குள் உலர்ந்த தூரிகையால் இரண்டு நிறங்களையும் மெதுவாக ஒன்றுக்குள் ஒன்று இழுத்துவிட்டால்தான் இப்படி வரும். கை சற்று அழுத்தினாலும் கோடு விழுந்துவிடும். நம் கோயில் சிற்பத்தில் மச்சாவதாரத்தைச் செதுக்குகிறவர், மனித உடல் மீனாகும் இடத்தில் இடைக்கச்சையோ அணியோ வைத்து அந்த இடத்தை அழகுபடுத்தி மறைத்துவிடுவார். அதில் தவறொன்றும் இல்லை. அங்கே தெய்வம் இரு வடிவமாக இருப்பதை நாம் வணங்கி ஏற்கிறோம். மாக்ரித் எதையும் மூடவில்லை. இதுதான் உடம்பு, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திறந்து வைத்திருக்கிறார்.

அடுத்து, வரைந்த விதம். தூரிகைத் தடம் துருத்தி நிற்காத, நிதானமான வேலை. மீன் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் ஒரே பகல் வெளிச்சம். கனவு என்று சொல்வதற்கான புகைமூட்டமோ வினோத நிறமோ இல்லை. மாக்ரித் இளமையில் சுவர்த்தாள் தொழிற்சாலையில் வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர், விளம்பரங்கள் வரைந்து பிழைத்தவர்; 1929இல் புகைக்குழாய் ஒன்றை வரைந்து அது புகைக்குழாய் அன்று என்று கீழே எழுதிய படத்திலும் பள்ளிச் சுவரில் தொங்கும் பாடப்படத்தின் கைதான் தெரிகிறது. நான் தொழிலில் பழகியவரை, ஒரு பொருளை ஜனங்கள் சந்தேகப்படாமல் நம்ப வேண்டுமென்றால் அதை ஆடம்பரமில்லாமல், துல்லியமான ஓரங்களோடு எழுத வேண்டும். இந்த ஓவியம் அந்த நம்பிக்கையைத்தான் கையிலெடுத்துக்கொள்கிறது. வேகமான வீச்சுகளில் வரைந்திருந்தால், ஓவியர் ஏதோ உணர்ச்சிவேகத்தில் கற்பனை செய்திருக்கிறார் என்று நாம் தள்ளிவைத்துவிட்டுப் போயிருப்போம். சாதாரணமாக வரைந்ததால்தான் தள்ள முடியவில்லை.

டீச்சர் கேட்டது எங்கிருந்து தொடங்குவது என்று. ஒரு தாளை எடுத்து மீன் பாதியை மூடிவிட்டுப் பாருங்கள்: மேலைநாட்டு ஓவிய மரபில் எத்தனையோ பேர் வரைந்த, கடற்கரையில் படுத்திருக்கும் பெண். பெண் பாதியை மூடுங்கள்: வலையிலிருந்து விழுந்த மீன். இரண்டும் நமக்குப் பழக்கமான படங்கள்தாம். தாளை எடுத்தவுடன் மனத்தில் என்ன நடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். குறியீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மறுமொழி 3: கல்லூரி விரிவுரையாளர், இராமநாதபுரம்

இருவரும் சொன்னதை விரும்பிப் படித்தேன். பேசப்படாத ஒன்றை நான் எடுத்துக்கொள்கிறேன்: இந்தப் படத்தில் இல்லாமற்போனது எது என்று கேட்டால், ஒரு பெண்ணின் முகம்.

கடற்கன்னியைக் கற்பனை செய்தவர்கள் பெரும்பாலும் கப்பலின் தளத்திலிருந்து கடலைப் பார்த்தவர்கள். அவர்கள் அவளுக்கு முகம், கூந்தல், குரல் எல்லாம் கொடுத்தார்கள்; ஆனால் அடைய முடியாதவளாக இருக்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, இடுப்புக்குக் கீழே மீனாக்கினார்கள். தாய்லாந்து இராமகதையில் சேது கட்டும்போது கற்களை எடுத்துச் சென்று அணையைக் குலைக்கிற கடற்கன்னி சுவர்ணமச்சாவும் அப்படித்தான்: முகம் இருப்பதால் அனுமனுடன் பேசுகிறாள், வாதாடுகிறாள், காதல் கொள்கிறாள், கடைசியில் மனம் மாறுகிறாள். அந்தப் பாத்திரம் வால்மீகியிலும் கம்பனிலும் இல்லை. ஆனால் கதை நிகழும் இடம் நம் கரை என்பதால் இதைச் சொல்லத் தோன்றியது. முகம் இருந்தால் கதை இருக்கிறது. மாக்ரித் அந்தக் கணக்கை மாற்றிப் போடுகிறார். பழைய கற்பனை மறுத்துவைத்த உடலைக் கொடுத்துவிட்டு, அது கொடுத்திருந்த முகத்தையும் குரலையும் பிடுங்கிக்கொள்கிறார். பேச்சு, பார்வை, பெயர் எல்லாம் போய்விட்டன. மிச்சமிருப்பது உடல் மட்டுமே.

இது தற்செயலான ஒற்றை முயற்சியன்று. அதே காலத்தில், 1934இல், அவர் வரைந்த ‘வன்புணர்வு’ என்ற ஓவியத்தில், கூந்தல் சூழ்ந்த ஒரு முகத்தின் உள்ளே கண்கள் இருக்குமிடத்தில் மார்புகளும், மூக்குக்குத் தொப்புளும், வாய்க்குப் பிறப்புறுப்பும் வைக்கப்பட்டிருக்கின்றன. மீயதார்த்த இயக்கத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் அந்த இயக்கத்தை விளக்கி அதே ஆண்டில் வெளியிட்ட சிறுநூலின் அட்டையில் இந்தக் கருத்தின் கோட்டோவியம்தான் இடம்பெற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கேள்வி இருமுறை கேட்கப்படுவது தெரியும்: பார்க்கிறவனின் ஆசை ஒரு பெண்ணை என்னவாக வெட்டி ஒட்டுகிறது?

இந்த ஓவியம் அந்த ஆசையைக் கண்டிக்கிறதா, அல்லது தானும் அதையே செய்கிறதா? இரண்டாவது சந்தேகத்தை நான் கைவிடத் தயாராக இல்லை. 1924இல் முதல் அறிக்கை வெளிவந்த காலத்திலிருந்து அந்த இயக்கத்தின் ஆண்கள் பெண்ணைத் தங்கள் கனவின் வாசலாகத்தான் பெரும்பாலும் கண்டார்கள். மாக்ரித்தும் அவர்களில் ஒருவர். ஆனாலும் ‘கூட்டுக் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைக் கவனிக்க வேண்டும். மாக்ரித்தின் பல படங்களுக்கு நண்பர்கள் கூடிப் பேசித் தலைப்பு முன்மொழிவது வழக்கம். தலைப்பு படத்தை விளக்கக் கூடாது என்பதும் அவர் கருத்து. இங்கே தலைப்பு படத்தை விளக்கவில்லை. பொறுப்பைப் பகிர்ந்தளிக்கிறது. கடற்கன்னி எவரோ ஒருவர் கண்டுபிடித்தது அன்று. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் சேர்ந்து உண்டாக்கியது. அந்த எல்லோரில் படத்தின் முன்னால் நிற்கும் நானும் இருக்கிறேன்.

நம் கரையில் இதைக் கூடுதல் அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். சின்னப்பாலத்திலும் பாம்பனிலும் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கித் தீவுகளின் ஓரத்துப் பாறைகளில் முங்குகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்தெடுக்கும்போது பாறை கையைக் கிழிக்காமலிருக்கத்தான் அந்தத் துணி. கடலுக்குள் இருக்கும் பெண் என்றதும் உலகம் முழுவதும் ஒரு கற்பனை உருவம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் கடலுக்குள் இறங்கும் இந்தப் பெண்களின் உருவம் அப்படி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. கூட்டாகக் கண்டுபிடித்தவர்கள் யார், அவர்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்ற கேள்வியை மாணவர்களிடம் கட்டாயம் எழுப்புங்கள்.

மறுமொழி 4: இலக்கிய வாசகர், கீழக்கரை

தாயின் மரணத்தைப் பற்றி மட்டும் சில வரிகள்.

மாக்ரித் 1898இல் பிறந்தவர். 1912இல் அவருடைய தாய் சாம்பர் ஆற்றில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 13. உடலை எடுத்தபோது இரவு அங்கி மேலே ஏறி முகத்தை மூடியிருந்ததாக ஒரு கதை பிற்காலத்தில் பரவியது. துணியால் முகம் மூடிய இருவர் முத்தமிடும் 1928ஆம் ஆண்டு ஓவியத்தை இதனோடு இணைத்துப் பேசாதவர் குறைவு. மறைந்த முகம், மறையாத உடல், நீர்க்கரை என்று வரிசைப்படுத்தினால் நாம் பேசும் ஓவியமும் அந்தச் சட்டகத்துக்குள் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. அந்தக் கச்சிதம்தான் எனக்கு அச்சம் தருகிறது. உடல் எடுக்கப்பட்டபோது சிறுவன் அங்கே இருந்தானா என்பதையே பின்னாளைய ஆய்வாளர்கள் ஐயுற்றிருக்கிறார்கள். தம் ஓவியங்களைக் குறியீடுகளாகப் பிரித்துப் படிப்பதையும், உளப்பகுப்பாய்வு செய்வதையும் மாக்ரித் வாழ்நாள் முழுவதும் மறுத்துவந்தார். ஓவியர் மறுத்துவிட்டார் என்பதற்காக நாமும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வாழ்க்கைச் சம்பவம் எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை என்று பிரித்துப் பார்க்கலாம். ஒருவர் நீரையும் மறைந்த முகத்தையும் தேடித் திரும்பத் திரும்ப வந்ததற்கு அது காரணமாக இருக்கக்கூடும். தொண்டி அண்ணன் காட்டிய அந்தத் தழும்பில்லாத இணைப்புக்கும், ஒரே சீரான வெளிச்சத்துக்கும், பாம்பன் ஐயா சொன்ன மூச்சின் முரணுக்கும் அது ஒரு விளக்கமும் தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லா மீயதார்த்த ஓவியரையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது. 1931இல் ஸ்பெயின் நாட்டு ஓவியர் சால்வதோர் தாலி வரைந்த, உருகி வழியும் கடிகாரங்களின் ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமும் மட்டுமே உள்ள சிறு படம் அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்னணியிலுள்ள பாறைகள் கற்பனையல்ல, அவருடைய சொந்தக் கத்தலோனியக் கரையின் பாறைகள். அங்கே எறும்புகள் மொய்ப்பதை அழுகலோடும் சாவோடும் சேர்த்துப் படிப்பதற்குத் தாலியின் எழுத்துகளே துணை நிற்கின்றன. அவர் தமக்கென்று ஒரு குறியீட்டுக் களஞ்சியத்தைக் கட்டிக்கொண்டு, அதன் சாவியையும் ஓரளவு நம்மிடம் கொடுத்தவர். மாக்ரித்திடம் அப்படி ஒரு களஞ்சியம் இல்லை. 1938இல் ஆண்ட்வெர்ப்பில் ஆற்றிய உரையில் அவர் தம் முறையை விளக்கினார்: தொடர்பே இல்லாத இரண்டு பொருள்களைச் சேர்த்து வியப்பூட்டுவதைவிட, ஏற்கெனவே உறவுள்ள பொருள்களின் உறவைத் திருப்பி வைப்பது ஆழமான அதிர்ச்சியைத் தருகிறது என்பது அதன் சாரம். கூண்டுக்குள் பறவைக்குப் பதிலாக முட்டையை வைத்த ஓவியம் அவர் காட்டும் எடுத்துக்காட்டு. கடற்கன்னியைத் தலைகீழாக்கியதும் அதே வேலைதான். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. மீனும் பெண்ணும் கதையிலேயே இருந்தவர்கள். இடத்தை மட்டும் மாற்றினார்.

மறுமொழி 5: ஓவிய ஆசிரியை (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. பாம்பன் ஐயாவின் விளக்கத்தையும் தொண்டி அண்ணனின் விளக்கத்தையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒன்று துலங்கியது. இணைப்பு தெரியாமல் வரைந்திருப்பதால் கண் இதை ஒரே உடலாக ஏற்கிறது. மூச்சு முரண்படுவதால் அறிவு இதை ஒரே உடலாக ஏற்க மறுக்கிறது. படத்தின் பொருள் என்று நான் தேடியது கண்ணுக்கும் அறிவுக்கும் நடுவே எழும் இந்த இழுபறியாகத்தான் இருக்க வேண்டும். விரிவுரையாளர் அம்மா சொன்ன முகமின்மையும் இந்த இழுபறியோடு சேர்ந்தே வேலை செய்கிறது. உயிரோடு இருக்கிறதா என்று ஒருவரைப் பார்த்துத் தீர்மானிக்க நாம் தேடுவது முகத்தைத்தானே.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இராமேசுவரம் பக்கம் அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும், கொந்தளிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்லும் வழக்கம் உண்டு. ஒரு மாணவர் ஓவியத்தில் அலை அடிப்பதைப் பார்த்து, இது ஆண்கடல், பெண்ணை வெளியே தூக்கி எறிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். இன்னொரு மாணவியின் தாத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கரையில் கண்டவற்றைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அந்தப் பெண். கரையில் கிடக்கும் உடலை வேறு எதுவாகவும் தன்னால் பார்க்க முடியவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். இவற்றை எப்படி மதிப்பிடுவது?

மறுமொழி 6: கல்லூரி விரிவுரையாளர், இராமநாதபுரம்

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆண்கடல் என்று எழுதிய மாணவர், நம் ஊர் வழக்கை எடுத்துப் பெல்ஜியக்காரரின் கடல் மேல் ஒட்டியிருக்கிறார். அந்த வழக்கு படத்தில் எதையும் புதிதாகக் கண்ணுக்குக் காட்டவில்லை. அலை சற்று அமைதியாக இருந்திருந்தால் பெண்கடல் என்று எழுதி வேறொரு கதை சொல்லியிருப்பார். நீங்கள் குறை கூறிய பட்டியல் முறையின் உள்ளூர் வடிவம் இது. அவரிடம் அன்பாக ஒரு கேள்வி கேளுங்கள்: கடல் தூக்கி எறிந்த உடலென்றால் அது தாறுமாறாக அல்லவா கிடக்கும், இது ஏன் அடிவானத்துக்கு இணையாக, படுக்கவைத்ததைப் போல இருக்கிறது? அவர் அதற்குத் தேடும் விடையில் படம் அவருக்குத் திறக்கும்.

தனுஷ்கோடிக் குடும்பத்து மாணவியின் நிலை வேறு. அவர் மாக்ரித் புயலைப் பற்றி வரைந்தார் என்று சொல்லவில்லை. தான் எந்தக் கண்ணோடு பார்க்கிறேன் என்பதைச் சொல்கிறார். அந்தக் கண்ணால் படத்தில் உள்ள ஒன்றை, மற்றவர்கள் விரைந்து கடந்துபோகும் ஒன்றை, அவர் நின்று பார்க்கிறார்: இது கரையில் கிடக்கும் ஓர் உடல், யாரும் தேடி வராத உடல். குறியீட்டுப் பட்டியல்கள் அந்த உடலுக்குத் தராத மரியாதையை அவர் தருகிறார். மேற்கொண்டு எழுதச் சொல்லுங்கள். படத்தில் பார்ப்பவர் நிற்கும் இடம் எது என்று மட்டும் அவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். மணலில், உடலுக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி நாம்தான் நிற்கிறோம். தேடி வந்தவர் என்று யாராவது இருந்தால் அது நாமாகத்தான் இருக்க முடியும்.

மறுமொழி 7: ஓவிய ஆசிரியை

அந்தக் கேள்வியை நாளையே கேட்கிறேன், அம்மா. கடைசியாக ஓர் ஐயம். மாக்ரித் இந்த உருவத்தை மறுபடி எங்காவது வரைந்திருக்கிறாரா? ஒரே உருவம் இரண்டு இடத்தில் வந்தால், பட்டியல் முறை சரியா தவறா என்று சோதித்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

மறுமொழி 8: இலக்கிய வாசகர், கீழக்கரை

வரைந்திருக்கிறார். 1953ஆம் ஆண்டு ஓவியம் ஒன்று சிகாகோவின் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது; தலைப்பு ‘இயற்கையின் அற்புதங்கள்’. அதிலும் மீன் தலையும் மனிதக் கால்களும்தான். ஆனால் அங்கே இருவர் இருக்கிறார்கள். பாறை மேல் ஒருவரையொருவர் ஒட்டி, காதலர்களைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். உடல் சதையாக இல்லை, கல்லாக இருக்கிறது. பின்னால் கடலில் ஒரு பாய்க்கப்பல். அதன் பாயும் உடலும் கடல் அலைகளாலேயே ஆனவை.

மீன் என்றால் இச்சை, கடல் என்றால் ஆழ்மனம், கால் என்றால் தாய் என்று பட்டியலிட்டால் இரண்டு ஓவியங்களுக்கும் ஒரே பொருள்தான் கிடைக்க வேண்டும். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கல்லுக்கு மூச்சு தேவையில்லை என்பதால், பாம்பன் ஐயா சொன்ன மூச்சுத் திணறல் 1953ஆம் ஆண்டுப் படத்தில் எழவே இல்லை. இருவராக இருப்பதால் கைவிடப்பட்ட தனிமையும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதால், தொண்டி அண்ணன் குறிப்பிட்ட கிடைக்கோடுகளின் அழுத்தமும் தளர்ந்துவிடுகிறது. கப்பலும் கடலால் ஆனது என்பதால், அந்த உலகத்தில் எல்லாப் பொருள்களுமே ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்தவை என்று தோன்றுகிறது. இவ்விருவரும் அங்கே விதிவிலக்கானவர்களாகத் தெரியவில்லை. அதே மீன், அதே கால், அதே கடல். எண்ணிக்கையும் உடலின் மூலப்பொருளும் கிடப்பும் மாறியதால் முந்தையதில் மரணமாக இருந்தது பிந்தையதில் ஏறத்தாழ மகிழ்ச்சியாகிவிட்டது. உங்கள் மாணவர்களுக்கு இந்த இரண்டு அச்சுப்படிகளையும் ஒன்றாகக் கொடுத்து, முதலில் வேறுபாடுகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.